வளையல்தான் சின்னது

செய்தி வந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், திரையில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்த வரைபடங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். மும்தாஜ் சிஸ்டரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. அவருடைய பதிவுகள் எப்போதும் நீளமானவை. பஸ் வராதது, மருமகன் பேசியது, மூட்டு வலி என்று எல்லாம் அதில் இருக்கும். இது மிகச் சின்னது. வெளியே வந்து காதில் வைத்தேன். “ரேவதிம்மா, நம்ம டாக்டரம்மா பூட்டாங்கம்மா. ஆவடி ஊட்லதான் வெச்சிகீறாங்க. வந்துடு.” அங்கேயே, லிஃப்ட் வாசலில் நின்று சத்தமாக அழுதேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

டாக்டர் கனகவல்லி, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன கிளினிக் வைத்திருந்த மகப்பேறு மருத்துவர். மும்தாஜ் அங்கே நர்ஸ். எல்லாக் கர்ப்பிணிகளும் வந்தார்கள் என்றாலும், வேறெங்கோ எடைக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு வந்த பருத்த பெண்கள்தான் அங்கே அதிகம். அவர்களுக்கென்று வெள்ளிக்கிழமை மதியங்களில் ஒரு வகுப்பு நடத்தினார். அந்த வகுப்பில் உட்கார்ந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கைப்பிடி இல்லாத அந்த அகலமான நாற்காலிகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இடுப்பு சிக்கிக்கொள்ளுமோ என்ற பயமில்லாமல் நான் உட்கார்ந்த முதல் நாற்காலிகள் அவை.

நம் வாட்ஸப் குழுவில் யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலிப் படம் செய்து போட்டிருக்கிறீர்கள். “புன்னகை மாறாத அன்புத் தாய்” என்று அதில் எழுதியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் புன்னகைத்து எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? சிரித்தால் கூடம் அதிரச் சிரிப்பார். இல்லையென்றால் சண்டை போட்டுக்கொண்டிருப்பார். நடுவில் புன்னகைக்கெல்லாம் அவருக்கு நேரமில்லை. போனவரை உடனே பஞ்சுமிட்டாய் ஆக்கிவிடுகிற வேலையை இவர் விஷயத்தில் நாம் செய்ய வேண்டாம்.

ஆவடி வீட்டு வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள், தெருக்காரர்கள் போலிருக்கிறது, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். “டாக்டருக்கே இம்மாம் ஒடம்பு பாரேன்.” “அதான் நானும் சொல்றேன். ஊர்ல கீற பொம்பளைங்களுக்கெல்லாம் சொல்லிக்கினு இருந்தாங்களே, தன் ஒடம்பைக் கொறைச்சாங்களா?” நான் திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் எந்த நோயால் போனார் என்பதை நான் எழுதமாட்டேன். அது அவருடைய சொந்த விஷயம். நீங்கள் நினைப்பது இல்லை என்று மட்டும் அவருடைய தம்பி என்னிடம் சொன்னார். நினைத்ததாகவே இருந்தாலும் என்ன? ஒல்லியானவர் செத்தால் விதி என்கிறோம், பருத்தவர் செத்தால் தீர்ப்பு எழுதுகிறோம். பாடை கட்டுவதற்குள் தீர்ப்பு எழுதிய அந்த இரண்டு பேரிடமும் அங்கே நான் சண்டை போடவில்லை. டாக்டராக இருந்தால் போட்டிருப்பார். அந்தச் சண்டையை இங்கே போடுகிறேன்.

நான் அவரிடம் போனது என் முதல் குழந்தை போன பிறகு. ஏழாவது மாதம் முடியப்போகும் நேரத்தில் அசைவு நின்றுவிட்டது. பெண் குழந்தை. அந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். நான் கட்டிலில் கிடக்கும்போதே அங்கிருந்த டாக்டர் என் கணவரிடம், “இவ்வளவு வெயிட்ட வெச்சுக்கிட்டு கர்ப்பமானா இப்படித்தான் ஆகும்” என்றார். என்னிடம் கூடச் சொல்லவில்லை. என் தலைக்கு மேலே, என் கணவரிடம். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிட்டது. யாரும் அதைத் திரும்பச் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை.

அடுத்த கர்ப்பம் உறுதியானபோது சந்தோஷப்படக்கூட பயமாக இருந்தது. கொரட்டூரில் எங்கள் அடுக்ககத்தில் இருந்த ஒரு பெண்தான் கனகவல்லியின் கிளினிக்கைச் சொன்னாள். போனதும் எடை பார்க்க வேண்டும் என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. முந்தைய இடத்தில் எடை இயந்திரம் கூடத்தின் நடுவில் இருக்கும். நர்ஸ் எண்ணைக் கூவுவார், இன்னொருவர் தூரத்திலிருந்து எழுதிக்கொள்வார், காத்திருப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். மீன் மார்க்கெட்டில் கூட அவ்வளவு சத்தம் இருக்காது. இங்கே அது டாக்டர் அறையில், திரைக்குப் பின்னால் இருந்தது. “ஏறலாமா?” என்று கேட்டார். பிறகு, “நம்பர் உனக்குத் தெரியணுமா, வேணாமா? வேணாம்னா நான் மட்டும் பார்த்துக்கறேன்” என்றார். அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது.

அன்றைக்கே நான் கேட்டுவிட்டேன். என் கணவர் பிரபு வெளியே மருந்து வாங்கப் போயிருந்தார். “டாக்டர், என் உடம்புதான் அவளைக் கொன்னுச்சா?”

“தெரியாது” என்றார்.

ஆறுதல் வரும் என்று காத்திருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசினார். “நிஜமாவே தெரியாது ரேவதி. எடை அதிகமா இருந்தா குழந்தை வயித்துலயே தவறுற வாய்ப்பு கூடுது. இது உண்மை. உங்கிட்ட மறைக்கமாட்டேன். ஆனா அதே எடையில எத்தனையோ பொண்ணுங்க நல்லபடியா பெத்து எடுத்துக்கிட்டுப் போறாங்க. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் தவறுது. உன் குழந்தைக்கு என்ன ஆச்சுன்னு யாராவது பரிசோதனை பண்ணாங்களா? பண்ணல. பண்ணாமயே உன் தலையில கட்டிட்டாங்க. வாய்ப்பு கூடுதுங்கிறது மருத்துவம். நீதான் கொன்னேங்கிறது ஊர்வம்பு. வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு பேசினாலும் வம்பு வம்புதான்.”

பிறகு, “இந்தத் தடவை என்ன செய்யலாம்னு பார்ப்போம். செய்யறதுக்கு நிறைய இருக்கு” என்றார். அந்தத் “தெரியாது” என்ற சொல் அன்று எனக்குச் செய்ததை எந்த ஆறுதலும் செய்திருக்காது. வீட்டுக்கு வந்து, பல மாதங்களுக்குப் பிறகு, பசித்துச் சாப்பிட்டேன்.

அவர் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியரின் மகளாக, குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். எதை விளக்கினாலும் அது அந்தக் குவார்ட்டர்ஸ் வழியாகத்தான் வரும். என் வயிற்றையும் அப்படித்தான் விளக்கினார். பிரபுவும் என்னோடு உட்கார்ந்திருந்தார்.

“எங்க குவார்ட்டர்ஸ்ல கீழ் வீடு நாகர்கோவில், பக்கத்து வீடு தர்மபுரி, மாடியில ராமநாதபுரம். ஒருத்தர் சமையல் இன்னொருத்தருக்கு ஆகாது, ஆனா ஒரு வீட்டுல தண்ணி வரலைன்னா இன்னொரு வீட்டுல குடம் நிரம்பும். உன் குடலும் ஒரு குவார்ட்டர்ஸ்தான். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க குடித்தனம் இருக்கு. கெட்டது இல்ல, வேலை செய்யற ஜனங்க. எத்தனை ஊர்க்காரங்க இருக்காங்களோ அத்தனை நல்லது. உடம்பு ரொம்ப பருத்திருக்கிற கர்ப்பிணிங்க பல பேர்கிட்ட அந்தக் கலப்பு குறைஞ்சுடுது. ஒரே ஊர்க்காரங்க எல்லா வீட்டையும் பிடிச்சுக்கறாங்க. குடல் சுவர்தான் காம்பவுண்டுச் சுவர், அது இளகிடுது. உள்ள வரக்கூடாததெல்லாம் ரத்தத்துல வருது. உடம்பு எப்பவும் லேசாக் கொதிச்சுக்கிட்டே இருக்கு. ஜுரம் தெரியாது, ஆனா கொதிப்பு இருக்கும். அந்த ரத்தம்தான் நஞ்சுக்கொடி வரைக்கும் போகுது. குழந்தையோட குடல், ஈரல், எதிர்ப்புச் சக்தி எல்லாம் அந்தக் கொதிப்புக்குப் பக்கத்துலதான் உருவாகுது. பொறக்கும்போது அது கூட்டிட்டுப் போற முதல் குடித்தனக்காரங்களும் பெரும்பாலும் உன் வீட்டு ஆளுங்கதான்.”

நான் பயந்துபோய் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் உடனே கையை நீட்டி நிறுத்தினார். “இரு. இதுல பாதி எலியை வெச்சுப் பார்த்தது. மனுஷிங்ககிட்ட இன்னும் பார்த்துக்கிட்டே இருக்காங்க. எல்லாம் முடிவாயிடுச்சுன்னு யாராவது பவுடர் டப்பாவோட வந்தா ஓடிடு. நமக்குத் தெரிஞ்ச வரைக்கும், அந்த ஜனங்களுக்குச் சாப்பாடு நார்ச்சத்து. மைதாவும் சர்க்கரையும் மேலேயே கரைஞ்சு போயிடும், கீழ இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது. பயறு, கீரை, அவரைக்காய், தோலோட பழம், இதெல்லாம்தான் அவங்க வரைக்கும் போகும். பட்டினி கிடக்கிற வேலை மட்டும் வேணாம். நீ பட்டினி கிடந்தா அவங்களும் பட்டினி, குழந்தையும் பட்டினி.”

பிரபு பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். மறுநாள் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் தன் அம்மாவுக்குப் போன் செய்து, தனக்குப் புரிந்த மட்டும் சொல்லியிருக்கிறார். “ரேவதி வயித்துல ஒரு குவார்ட்டர்ஸே இருக்காம்மா. அதை ஒழுங்காப் பார்த்துக்கலைன்னா குழந்தைக்கு ஆகாதாம்.” திருமுல்லைவாயலில் இருந்த என் மாமியாருக்கு அந்தக் கடைசி எழுத்து கேட்கவில்லை. சென்னையில் அந்த எழுத்து போய்விட்டால் மிச்சமிருப்பது டாஸ்மாக் சமாச்சாரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அத்தை ஆட்டோவில் வந்து இறங்கினார். நேரே டாக்டர் முன்னால் போய் நின்றார். “இன்னா டாக்டரம்மா, எம்மருமவ வயித்துல குவாட்டரு கீதுன்னு எம்புள்ளகிட்ட சொன்னீங்களாமே? அவ மோர் குடிச்சாலே ஏப்பம் உடுவா! அவளப் போயி குடிக்கிறான்னு… இன்னா நெஞ்சழுத்தம் ஒங்களுக்கு!” முதலில் புரிந்தது மும்தாஜ் சிஸ்டருக்குத்தான். அவர் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டார். டாக்டர் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, குவார்ட்டர்ஸ் கதையை முதலிலிருந்து சொன்னார். அத்தை கவனமாகக் கேட்டுவிட்டு, “அத்த தெளிவா சொல்றதுக்கு இன்னா? வேற ஊரா இல்ல?” என்றார். அன்றிலிருந்து நம் வகுப்பில் குடல் கிருமிகளுக்கு “குவாட்டர்ஸ்காரங்க” என்று பெயர் நிலைத்தது. உங்களில் பலருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது என்பதால் சொல்கிறேன்.

அவர் தன்னை ஒளித்துக்கொண்டதில்லை. கிளினிக்குக்கு எதிரே இருந்த டீக்கடையில் சாயங்காலம் நின்றுகொண்டே மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவார். ஒருநாள் யாரோ ஒரு கர்ப்பிணியின் கணவர் அதைப் பார்த்துவிட்டு, “என்ன டாக்டர், எங்களுக்கு எண்ணெய் கூடாதுன்னு சொல்லிட்டு நீங்க…” என்று இளித்தார். டாக்டர் மென்று முடித்துவிட்டுச் சொன்னார். “நான் எப்பப்பா கூடாதுன்னு சொன்னேன்? தினமும் கூடாதுன்னேன். இது ஒண்ணு. உனக்கும் ஒண்ணு சொல்லட்டா? உன் தொப்பையும் எனக்குச் சளைச்சது இல்ல. அதை எந்தக் கூடத்துல ஏத்தி யாரு கூவினாங்க?” அந்த ஆள் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நழுவினார்.

இப்போது வளையலுக்கு வருகிறேன். முதல் கர்ப்பத்தின்போது எனக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு நடந்தது. விழுப்புரத்திலிருந்து என் அம்மா வாங்கிவந்த கண்ணாடி வளையல் எதுவும் என் கையில் ஏறவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய அளவு அதுதான். உறவுக்காரப் பெண் ஒருத்தி சோப்புப் போட்டுத் தேய்த்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, என் கைமுட்டிகளை நசுக்கி ஏற்றினாள். இரண்டு வளையல் உடைந்தது. மணிக்கட்டில் ரத்தம் வந்தது. வளைகாப்பில் வளையல் உடைந்தால் என்ன சொல்வார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை போனதும் எல்லோருக்கும் காரணம் தயாராக இருந்தது. பருத்த கை, உடைந்த வளையல், அப்புறம் அது.

அதனால் இந்த முறை வளைகாப்பே வேண்டாம் என்று நானும் அத்தையும் பேசி முடித்திருந்தோம். எங்களுக்குள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. வகுப்பில் ஒரு பெண் தன் வளைகாப்புக்கு எல்லோரையும் கூப்பிட்டபோது, அத்தை வாய் தவறி இந்தக் கதையை டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். தன் கையை அதன் பக்கத்தில் வைத்தார். அவருடைய கை என் கையைவிடப் பெரியது. “சாயங்காலம் ரெண்டு பேரும் வண்டியில ஏறுங்க” என்றார்.

குமணன்சாவடிக்குப் போனோம். சந்திப்பில் லாரியும் பஸ்ஸும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்ற நேரம். மொத்தமாக வளையல் விற்கும் கடை ஒன்றின் படியில் மூவரும் ஏறினோம். கடைக்காரர் இருப்பதிலேயே பெரிய அளவை எடுத்துவைத்தார். அது என் கட்டைவிரல் முட்டியைத் தாண்டவில்லை. அவர் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, “இதுக்கு மேல வராதுக்கா. கை கொஞ்சம் பெருசா கீது” என்றார்.

“கை பெருசு இல்ல தம்பி” என்றார் டாக்டர். “கை சரியாத்தான் இருக்கு. வளையல்தான் சின்னது. பெரிய வளையல் எங்க கிடைக்கும், அதைச் சொல்லு.”

கடைக்காரர் யாருக்கோ போன் போட்டார். “அண்ணாத்தே, பெரிய சைசு… ஆமா, அதுக்கும் மேல… இல்ல, கூத்து ஆடுறவங்களுக்கு இல்ல, வளைகாப்புக்கு…” என்று பேசினார். குடோனிலிருந்து தூசி படிந்த பெட்டிகள் வந்தன. பச்சையும் சிவப்புமாக வளையல்கள். என் கையில் சோப்பு இல்லாமல், வலி இல்லாமல், தண்ணீர் இறங்குவதுபோல் இறங்கின. அத்தை கடையிலேயே அழுதுவிட்டார். டாக்டர் தன் கைக்கும் ஒரு டஜன் போட்டுக்கொண்டு, அந்தப் பெட்டிகள் அத்தனையையும் கிளினிக்குக்கு வாங்கிவந்தார்.

வளைகாப்பு வெள்ளிக்கிழமை வகுப்பில் நடந்தது. அத்தை விடவில்லை, புளிச் சாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்தையும் கட்டிக்கொண்டு வந்தார். டாக்டர் எதையும் தடுக்கவில்லை. “எல்லாத்துலயும் ஒரு கரண்டி. பொங்கல் மட்டும் எனக்கு” என்றார். எனக்கு அப்போது சர்க்கரை ஏறியிருந்தது, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தேன். கொண்டைக்கடலைச் சுண்டலையும் முருங்கைக்கீரையையும் அத்தையே தனித் தூக்கில் கொண்டுவந்திருந்தார். “இது குவாட்டர்ஸ்காரங்களுக்கு” என்று முதல் கைப்பிடியை எனக்கு ஊட்டினார். அன்று அங்கே இருந்த எல்லாப் பெண்களின் கையிலும் வளையல் ஏறியது. ஒன்றுகூட உடையவில்லை. உடைந்திருந்தாலும் டாக்டர் பெருக்கித் தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டிருப்பார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, பருமன் ஒரு விஷயமே இல்லை என்று அவர் சொன்னதாக யாராவது நினைத்தால், அவர்கள் அவரைத் தெரியாதவர்கள். என் சர்க்கரை அளவை ஒரு நாள் நான் குறைத்துச் சொன்னேன். இயந்திரத்தை வாங்கித் தானே பார்த்தார். “வளையல் விஷயத்துல நான் உன் பக்கம். சர்க்கரை விஷயத்துல நான் குழந்தை பக்கம்” என்றார். வலித்தது, ஆனால் அவமானமாக இல்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பல டாக்டர்களுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால்தான் திருந்துவார்கள் என்று திட்டுகிறவர்கள், திட்டுக்குப் பயந்து எத்தனை பெண்கள் பரிசோதனைக்கே போகாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டிருப்பார்களா?

எட்டாவது மாதம் கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு நாள் தலைவலி தாங்கவில்லை. பிரபு பயந்துபோய் அருகிலிருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பி.பி. பார்க்கும் பட்டையை என் கையில் சுற்றினார்கள். அது முழுதாகச் சுற்றவே இல்லை, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு காற்றடித்தார்கள். ரத்த அழுத்தம் பயங்கரமாக இருக்கிறது, உடனே அறுத்துக் குழந்தையை எடுக்க வேண்டும் என்றார்கள். நாள் நிறையாத குழந்தை. எனக்குப் பழைய கட்டிலும் பழைய கூரையும் கண்ணில் வந்தன. பிரபுவின் கையில் கையெழுத்துப் போடப் பேனா கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரு கையில் பேனாவை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் டாக்டருக்குப் போன் செய்தார்.

டாக்டர் வந்தார். கைப்பையிலிருந்து ஒரு அகலமான பட்டையை எடுத்தார். அதை அவர் எங்கே போனாலும் வைத்திருப்பார் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அங்கிருந்த இளம் டாக்டரிடம் சண்டை போடாமல், மிக மரியாதையாக, “இவங்க கைக்கு இந்த அளவு பட்டைதாங்க. சின்னதைச் சுத்தினா அழுத்தம் கூடத்தான் காட்டும். ஒரு தடவை இதுல பார்த்துடுவோம்” என்றார். பார்த்தார்கள். சிறிது நேரம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். ரத்தம், சிறுநீர் எல்லாம் பரிசோதித்தார்கள். அழுத்தம் சரியாகவே இருந்தது. தலைவலி வெயிலால் வந்தது. அந்த இளம் டாக்டர், பாவம், முகம் வெளிறி நின்றார். பட்டையைத் தன்னிடம் கொடுத்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டார். டாக்டர் கொடுத்துவிட்டார்.

வண்டியில் திரும்பும்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே பேசினார். “வளையல் சின்னது, பட்டை சின்னது, நாற்காலி சின்னது, கட்டில் சின்னது. எல்லாத்தையும் சின்னதாப் பண்ணி வெச்சுட்டு நம்மளப் பெருசுங்கறானுங்க. பாதி ஆபத்து நம்ம உடம்புல இருக்கு ரேவதி, நான் இல்லைன்னு சொல்லல. மீதிப் பாதி இவங்க சாமான்ல இருக்கு. முதல் பாதிக்கு நாம வேலை செய்வோம். ரெண்டாவது பாதிக்கு இவங்க செய்யட்டும்.” பாடி மேம்பாலத்தில் ஒரு லாரிக்காரர் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்தார். டாக்டர் பதிலுக்கு அடித்தார்.

என் மகளுக்கு நாள் நிறைந்த பிறகுதான் அறுவை நடந்தது. டாக்டரே செய்தார். மயக்க மருந்து கொடுக்க வந்தவர், முதுகெலும்பு தட்டுப்படவில்லை என்று முணுமுணுத்தபோது, “தேடுங்க, இருக்கும். அது இல்லாமயா இவ்வளவு தூரம் நிமிர்ந்து வந்தா?” என்றார். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக எத்தனை மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. குழந்தையின் சர்க்கரையைக் கவனிக்க வேண்டும் என்று தனியாக எடுத்துப்போனார்கள். கவலைப்பட ஒன்றுமில்லை, மறுநாளே என் பக்கத்தில் வந்துவிட்டாள்.

அதற்கடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. மும்தாஜ் சிஸ்டர்தான் சொன்னார். டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே போயிருக்கிறார். வாசலில் பிரபு, அத்தை, என் அம்மா, அப்பா எல்லோரும் நின்றிருக்கிறார்கள். “ரெண்டாவது பொண்ணு பொறந்திருக்கா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க” என்றாராம்.

என் அம்மாதான் பயந்துபோய், “டாக்டர், இதுதாங்க முதல்ல… அது வந்து…” என்று இழுத்திருக்கிறார். நல்ல நேரத்தில் அதைப் பேசக்கூடாது என்பது அம்மாவின் எண்ணம். டாக்டர் அம்மாவின் தோளில் கைவைத்து, “ரெண்டாவதும்மா” என்று மறுபடி சொல்லிவிட்டு, கை கழுவப் போய்விட்டாராம். மும்தாஜ் சிஸ்டர் இதைச் சொல்லும்போது, “அப்போ பாக்கணுமே ஒன் ஊட்டுக்காரர. செவுத்தைப் பாத்துக்கினு நின்னுகினு ஒரே அயுகை. அதுக்கு மின்னாடி அவரு அயுது நான் பாத்ததே இல்ல” என்றார். நானும் பார்த்ததில்லை. என் முதல் மகளுக்காக அவர் அழுதது அன்றுதான்.

உங்கள் ஒவ்வொருவரிடமும் அவர் விட்டுச்சென்றது ஏதோ ஒன்று இருக்கும். குழுவில் எழுதுங்கள், படம் மட்டும் போடாதீர்கள். என்னிடம் இருப்பதை நான் சொல்லிவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆவடி வீட்டுக்குப் போயிருந்தோம். டாக்டருடைய தம்பி மனைவி எங்களுக்குக் காப்பி கொண்டுவந்தார். என் மடியில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்து, “அண்ணி கையில பொறந்ததா? உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டார். இந்தக் கேள்விக்கு ஊரில் எல்லோரும் என்னிடம் எதிர்பார்க்கிற பதில் ஒன்று உண்டு. அதைச் சொன்னால் பேச்சு சுமுகமாக முடிந்துவிடும். பிரபு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு பொண்ணுங்க” என்றேன்.